ஒரே எக்ஸ்ரே, இரண்டு பதில்: 1947-ல் நடந்த ஒரு சோதனை

மூணு வருஷம் முன்னாடி என் மாமியாருக்கு ஒரு மாசமா விடாத இருமல். மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். முதல் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “பழைய தழும்புதான், பயப்பட ஒண்ணுமில்லை” என்றார். இருமல் நிற்கவில்லை. இன்னொருவரிடம் போனோம். அதே படத்தைப் பார்த்து, “வலது பக்கம் மேல நிழல் இருக்கு, டிபியா இருக்கலாம்” என்றார். யாரோ ஒருத்தர் அசட்டையாகப் பார்த்திருக்கிறார் என்று அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கோபம் போய் ஆச்சரியம்தான் மிஞ்சியது.

கதை 1930-களில் தொடங்குகிறது. பிரேசிலைச் சேர்ந்த மானுவேல் தே அப்ரேயு என்ற டாக்டர், எக்ஸ்ரே ஒளிரும் திரையைச் சின்ன கேமராவால் படம் பிடிக்கும் முறையை 1936-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பெரிய ஃபிலிம் தேவையில்லை. செலவு பல மடங்கு குறைவு. வரிசையில் நிற்க வைத்து ஆயிரக்கணக்கானோரைப் படம் எடுக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்பவர்களை அமெரிக்கா இப்படித்தான் சலித்தது. இதற்கு நடுவில் ஒரு கேள்வி எழுந்தது: 35 மில்லிமீட்டர் சின்னப் படம், 14-க்கு 17 அங்குலப் பெரிய படம் அளவுக்கு நோயைக் காட்டுமா?

இதற்காக 1,200-க்கும் மேற்பட்டவர்களை நாலு விதமான முறைகளில் படம் எடுத்தார்கள். ஐந்து நிபுணர்கள் தனித்தனியாக எல்லாவற்றையும் படித்தார்கள். முடிவு 1947-ல் வெளிவந்தது. நாலு முறைகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால் படித்தவர்களுக்குள் இருந்த வித்தியாசம் அதைவிடப் பெரிது! ஒருவர் ‘கோளாறு’ என்று குறித்த படங்களில் சுமார் மூன்றில் ஒன்றை இன்னொருவர் ‘சரி’ என்று விட்டிருந்தார். அதைவிட வேடிக்கை, அதே ஆளிடம் அதே படங்களைச் சில காலம் கழித்துக் கொடுத்தால், சுமார் ஐந்தில் ஒரு தடவை தன் பதிலையே மாற்றிச் சொன்னார். (நான் ஓகே பண்ணிய கோடை ஆறு மாசம் கழித்து நானே பார்த்து, ‘யார் இதை விட்டது’ என்று கேட்டிருக்கிறேன். எனவே சிரிக்க எனக்கு உரிமை இல்லை.)

கேமராவைச் சோதிக்கப் போய்க் கண்ணைச் சோதித்த கதை இது. அந்தக் குழுவின் புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷல்மி. அதே வருஷம் அவர் எழுதிய கட்டுரையில்தான் சென்சிடிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி என்ற இரண்டு அளவுகளும் இன்றைய பொருளில் வருகின்றன. நோய் உள்ளவரை எத்தனை தடவை சரியாகப் பிடிக்கிறது என்பது முதலாவது. நோய் இல்லாதவரை எத்தனை தடவை சரியாக விட்டுவிடுகிறது என்பது இரண்டாவது. ஒரே நபர் இரண்டு தடவை படிப்பதைவிட, இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பது நல்லது என்பதும் அவர் வாதம்.

இரண்டு அளவு எதற்கு என்று கேட்டால், ஒரு கணக்கு போடுவோம். 1,000 பேரில் 10 பேருக்கு நோய். சோதனை இரண்டு வகையிலும் 90 சதவீதம் சரி. நோயாளிகளில் 9 பேரைப் பிடிக்கும். நல்லா இருக்கிற 990 பேரில் 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். மொத்தம் 108 பேருக்கு ‘இருக்கு’ என்று சீட்டு. அதில் உண்மை 9 மட்டும். மீதி 99 வீட்டிலும் தட்டு, டம்ளரைத் தனியா வைப்பார்கள்.

இந்தியாவுக்கு இது வெறும் கணக்குப் பிரச்சினையாக இல்லை. 1955-58 மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் நகரத்து வியாதி என்ற நினைப்பை உடைத்தது. கிராமத்திலும் அதே அளவுக்கு இருந்தது. அத்தனை கிராமத்துக்கும் எக்ஸ்ரே வண்டி, டீசல், ஃபிலிம், படிக்கிற ஆள் எல்லாம் எங்கே போவது? 1959-ல் பெங்களூரில் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனத்தில் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் வேறு மாதிரி யோசித்தார்கள். நோயாளிகளிடமே போய்க் கேட்டார்கள். சளியில் கிருமி இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், யாரும் தேடி வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள்! அங்கே பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து.

அப்படியென்றால் ஊர் ஊராகத் தேட வேண்டாம். இருமிக்கொண்டு வருகிறவரிடம் சளி கேட்டால் போதும். 1962-ல் தொடங்கிய தேசியத் திட்டம், கீழ்மட்ட மருத்துவ நிலையங்களில் மைக்ராஸ்கோப்பையே நம்பியது. ஒரு கண்ணாடித் துண்டு, சிவப்புச் சாயம், ஸ்பிரிட் விளக்கு, அமிலம், நீலச் சாயம். அவ்வளவுதான். இதன் சென்சிடிவிட்டி மோசம். ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். பல நோயாளிகள் தப்பிவிடுவார்கள். ஆனால் பிடிபடுகிறவர்கள் மற்றவர்களுக்கு அதிகம் பரப்புகிறவர்கள். ‘இருக்கு’ என்று சொன்னால் நம் ஊரில் அநேகமாக இருக்கும். அன்றைய நிலைமைக்கு இது சரியான முடிவு என்பதே என் எண்ணம். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகளும், பின்னாளில் ஹெச்ஐவி உள்ளவர்களும். அவர்கள் சளியில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும்.

சுலபம் என்பது மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. தனியார் லேப்களில் காசநோய்க்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் சோதனை நன்றாக ஓடியது. ஊசி குத்தினால் சீட்டு வந்துவிடும். சளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் இருப்பவரை விட்டது, இல்லாதவரைப் பிடித்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் ‘பயன்படுத்தாதீர்கள்’ என்றது. 2012-ல் இந்தியா தடை செய்தது.

என் மாமியார் விஷயம்? இரண்டாவது டாக்டர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும், எச்சில் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பாசிட்டிவ். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார். முதல் டாக்டருக்கும் இரண்டாவது டாக்டருக்கும் இடையில் ஏழு வாரம் போயிருந்தது. அந்த ஏழு வாரமும் என் பையன் அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தான். அவனுக்கும் சோதனை பண்ணி, ஒன்றுமில்லை என்று தெரிகிற வரைக்கும் நாங்கள் தூங்கவில்லை.