சண்டைப் படமும் பேய்ப் படமும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பெண்கள்மீதான வன்முறையும் அதைச் சொன்ன சொற்களும்

திரைப்படங்கள் பெண்கள்மீதான வன்முறையை வளர்க்கின்றனவா என்னும் வினா மலேசியத் தமிழரிடையே புதியதன்று. பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களிலும், கோயில் மண்டபச் சொற்பொழிவுகளிலும், நாளிதழ்களின் வாசகர் பகுதியிலும் இவ்வினா தலைமுறைதோறும் எழுந்துள்ளது. எழுப்புவோர் பெரும்பாலும் விடையைக் கையில் வைத்துக்கொண்டே எழுப்புகின்றனர் என்பதுதான் இடர். சினிமாதான் கெடுத்தது என்று சொல்லிவிட்டால் அடித்தவன் பாதி விடுதலை பெறுகிறான். அவனையும் அவன் மனைவியையும் ஒரே அறையில் அடைத்துவைத்த தோட்ட நிருவாகம் முழு விடுதலை பெறுகிறது. ஆதலால் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றை முதலில் பார்த்துவிட்டுத் திரைக்கு வருவதே முறையெனக் கருதுகிறோம். நாம் மொழியியல் பயின்றவர்கள். ஆகவே, என்ன நடந்தது என்பதோடு, நடந்ததை எச்சொல்லால் சொன்னார்கள் என்பதையும் கேட்போம்.

போர்ட்டிக்சன், ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரங்களில் இரப்பர் பரவிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. 1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போதுகூட மலாயா இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. கூலியிலும் வேறுபாடு இருந்தது. போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளின் நிலையான கூலி ஆணுக்கு 50 சென் என்றால் பெண்ணுக்கு 40 சென். லயத்து வீட்டில் ஒரு சுவருக்கு இப்பால் நடப்பது அப்பால் கேட்கும். கேட்டும் கேளாதிருப்பதே அங்கே நாகரிகம். கள்ளுக்கடையோ தோட்டத்துக்குள்ளேயே இருந்தது.

இச்சூழலில் மனைவியைக் கொன்ற வழக்குகளும், பிறன்மனையைக் கவர்ந்து சென்றதாகத் தொடுக்கப்பட்ட வழக்குகளும் காலனிய ஆவணங்களில் நிறைய உள. வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா மலாயாத் தோட்டப் பெண்களைப் பற்றி 2021இல் வெளியிட்ட நூலில் அவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். அதிகாரிகள் தந்த விளக்கம் அன்றைக்கும் எளிதானதாகவே இருந்தது: பெண்கள் குறைவு, இருப்பவரும் ஒழுக்கத்தில் உறுதியற்றவர். கொலையுண்டவளின் நடத்தையே கொலைக்குக் காரணமாக எழுதப்பட்டது. அக்காலத் தோட்டங்களில் திரைப்படம் என்பதே ஏறத்தாழ இல்லை என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

வன்முறை லயத்துக்குள் மட்டும் இருந்ததும் அன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியவற்றோடு, தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் வெள்ளையரும் அவர்களைப்போல் நடந்துகொண்ட மேலதிகாரிகளும் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தது. பெண்கள்மீதான வன்முறை ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாக எழுத்தில் ஏறியது தமிழர் வரலாற்றில் சிறு செய்தி அன்று. ஆனால் அக்கோரிக்கை மேலிருப்பவனைச் சுட்டியது. பக்கத்தில் படுத்திருப்பவனைச் சுட்டவில்லை. கள்ளுக்கடையை மூடு என்னும் வரிக்குள் அதையும் பெண்கள் மறைவாகச் சொல்லியிருக்கக்கூடும் என்று நாம் எண்ணுவதுண்டு.

திரைப்படம் தோட்டத்துக்குள் பரவலாக வந்தது போருக்குப் பின்னர். 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தகவல் இலாகாவின் வண்டிகள் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்று படம் காட்டின. பரப்புரைப் படத்தைப் பொறுத்துக்கொண்டால் பின்னர் ஒரு கதைப்படம் கிடைக்கும். அதன்பின் தோட்ட நிருவாகமும் கோயில் குழுவும் ஏற்பாடு செய்த திடல் காட்சிகள் வழக்கமாயின. இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத்துணி, பாய், தலையணை, கச்சான், காலையில் பெரட்டுக்குப் போகவேண்டிய கவலை. 1963 டிசம்பரில் தொலைக்காட்சி தொடங்கியது. 1980களில் வீடியோ நாடா வந்தது. 1996இல் ஆஸ்ட்ரோவும் வானவில் அலைவரிசையும் வந்தன. திடலில் எல்லாரும் கூடிப் பார்த்தது, பின்னர்க் கூடத்தில் ஒரு குடும்பம் பார்ப்பதாகச் சுருங்கியது.

இச்சுருக்கம் பொருட்படுத்தத் தக்கது. திடல் காட்சி என்பது பெண்களும் இரவில் அச்சமின்றி வெளியே இருந்த மிகச்சில வேளைகளுள் ஒன்று. அமெரிக்காவில் டாலும் டெல்லாவிக்னாவும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் மிகுந்த நாள்களின் மாலையிலும் இரவிலும் அடிதடிக் குற்றங்கள் கூடவில்லை, குறைந்தன என்று காட்டியது. படம் மனத்தைத் திருத்தியதால் அன்று. அடிக்கக்கூடியவன் அந்நேரம் குடிக்காமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்ததால். தோட்டத்தில் வாழ்ந்த எந்தப் பாட்டியும் இதைக் கேட்டு வியக்கமாட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லின்சு, டானர்ஸ்டைன், பென்ராடு ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களை வெட்டிக் கொல்லும் ஐந்து படங்களை ஐந்து நாள்களில் பார்த்த கல்லூரி ஆடவர், நாள் செல்லச் செல்ல அவற்றை வன்முறை குறைந்தனவாக மதிப்பிட்டனர். பின்னர் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கின் விசாரணையைக் கண்டபோது பாதிக்கப்பட்டவள்பால் அவர்களுக்கிருந்த இரக்கமும் குறைந்திருந்தது. ஒருவர்கூட யாரையும் அடிக்கவில்லை. மரத்துப்போனது கை அன்று, காது. முறையிடுபவளைக் கேட்கும் காது.

தமிழகத்தில் இவ்விவாதம் இருமுறை பெரிதாக எழுந்தது. 1980களில் ஒன்பது பேரைக் கொன்ற ஒருவன் மணிவண்ணன் இயக்கிய 'நூறாவது நாள்' (1984) படமே தன்னைத் தூண்டியதென்று கூறினான். கொலைகாரன் தரும் காரணத்தைச் சான்றாக ஏற்பதில் நமக்கு உடன்பாடில்லை; எல்லாக் குற்றவாளிக்கும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. 2016 ஜூன் 24 அன்று சென்னை நுங்கம்பாக்கம் இரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டதற்குப் பின் எழுந்த விவாதம் வேறு வகையானது. அங்கே கேட்கப்பட்டது கொலைக்காட்சியைப் பற்றியன்று. மறுக்கும் பெண்ணைப் பின்தொடர்ந்துகொண்டே இருப்பதைக் காதல் என்று பெயரிட்டழைத்த படங்களைப் பற்றியது. தொல்காப்பியர் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து, அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார். அந்தப் பிரிவினையைத் திரைப்படம் அழித்துவிட்டது என்பதே அவ்விவாதத்தின் சாரம். இது பெயரிடலைப் பற்றிய வாதம். ஆதலால் நமக்கு நெருக்கமானது.

தமிழ்ப்படம் பார்ப்போரிடம்தான் இக்குற்றம் உண்டோ என்றால் அதுவும் இல்லை. மலேசியாவில் பெண்கள் உதவி நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு, 1989ஆம் ஆண்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 39 விழுக்காட்டினர் கணவனாலோ காதலனாலோ அடிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. அம்மதிப்பீடு எல்லா இனத்தாரையும் தழுவியது.

இனி, தோட்டத்துப் பேச்சுக்கு வருவோம். மனைவி அடிக்கப்பட்டதை நம் மக்கள் எப்படிச் சொன்னார்கள்? "சண்டை" என்றார்கள். "ரெண்டு பேருக்கும் சண்டை" என்று பக்கத்து வீட்டார் சொல்வர். "குடும்பச் சண்டை" என்று கிராணி எழுதுவார். சண்டை என்னும் பெயர்ச்சொல் இருவரையும் எழுவாயாக்குகிறது. ஒருவர் அடிக்க ஒருவர் அடிபடுவதை அது காட்டாது. அடிபட்டவளின் வாக்கியமும் அப்படியே. "அடி வாங்கினேன்" என்பாள். "அடி விழுந்துச்சு" என்பாள். முதலாவதில் வாங்கியவளே எழுவாய். இரண்டாவதில் அடிதான் எழுவாய், மழை விழுவதைப்போல. "கை நீட்டிட்டாரு" என்னும் தொடரில் கணவன் தோன்றுகிறான். ஆனால் அடி மறைந்துவிடுகிறது, மரியாதை விகுதி மட்டும் எஞ்சுகிறது. தமிழில் "அடித்தான்" என்று செய்வினையில் சொல்வதற்கு இலக்கணத் தடை எதுவுமில்லை. தடை லயத்தில் இருந்தது.

இந்தச் "சண்டை"யே திரைப்பட வகைக்கும் பெயராயிற்று. சண்டைப் படத்தில் சண்டை நாயகனுக்கும் வில்லனுக்கும் இடையில். சம வலிமையினரின் மோதல். அங்கே பெண் சண்டைக்குக் காரணம் மட்டுமே. தங்கை கெடுக்கப்படுவாள், அண்ணன் புறப்படுவான். அந்நிகழ்வுக்கு நாம் நெடுங்காலம் வழங்கிய "கற்பழிப்பு" என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். செய்தவன் குற்றத்தை அது கூறவில்லை. அவளிடமிருந்து ஏதோ அழிந்ததைக் கூறுகிறது. அழிந்ததை மீட்கவேண்டும் என்னும் கதைத் தீர்வு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'சகலகலா வல்லவன்' (1982) படத்தில் நாயகனின் தங்கையைக் கெடுத்தவனே அவளுக்குக் கணவனாகிறான். நாயகனோ செருக்குற்ற பணக்காரப் பெண்ணை மணந்து அடக்குகிறான். 'நாட்டாமை' (1994) படத்தில் ஊர்ப்பஞ்சாயத்தின் தீர்ப்பே கெடுத்தவன் மணக்கவேண்டும் என்பது. 'மன்னன்' (1992) படத்தில் தொழிலகத்தை ஆண்ட பெண் இறுதியில் வீட்டுக்குத் திரும்புவதே மகிழ்ச்சியான முடிவு. இவை இரத்தம் சிந்தும் படங்கள் அல்ல. குடும்பத்தோடு பார்க்கத்தக்கவை என்று பரிந்துரைக்கப்பட்டவை. அடிப்பவனே அணைப்பான் என்னும் பொருள்பட வழங்கும் பழமொழி, 1959இல் வந்த 'வண்ணக்கிளி'யில் பாட்டாகவே ஆனது. நம் கணிப்பில், வெட்டும் குத்தும் நிறைந்த காட்சிகளைவிட இந்த இனிய தீர்வுகளே தோட்டத்துக் கூடங்களில் ஆழமாகப் பதிந்தன. பஞ்சாயத்தில் பேச நேர்ந்த பெரியவர்களுக்கு இவை சொற்களைத் தந்தன.

பேய்ப் படத்தை இதனோடு ஒரே கட்டாகக் கட்டுவது பொருந்தாது. பழையனூர் நீலியின் கதையை நினையுங்கள். கணவனால் கொலையுண்டவள் பேயாக வந்து, கையில் பிள்ளையோடு வேளாளர் அவையில் முறையிட்டு, அவனைப் பழிதீர்க்கிறாள். 'சந்திரமுகி' (2005) படத்தின் ஆடல்மகள் அரசனால் எரிக்கப்பட்டவள்; 'காஞ்சனா' (2011) படத்தில் கொல்லப்பட்ட திருநங்கையும், 'அரண்மனை' (2014) படத்தில் கொல்லப்பட்ட பெண்ணும் நீலியின் வழியினரே. கொன்றவன் பெயரை வெளிப்படையாகச் சொல்வதும், கேட்பவரைக் கேட்கவைப்பதும் இப்படங்களில் உண்டு. அதற்கு அவள் முதலில் சாகவேண்டும் என்பதே இவ்வகையின் குறை. அன்றியும், உயிரோடிருக்கும் பெண்ணின் உடலுக்குள் புகுந்தே பேய் பேசுவதும், பூசாரி அவளை அடித்தே பேயை ஓட்டுவதும் பல படங்களில் உள்ளன. நம் தோட்டத்துக் கோயில்களிலும் இக்காட்சிக்கு மூலம் உண்டு. பாரதிராசாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) இவற்றினின்று வேறானது. அது பெண்களைக் கொல்பவனின் மனத்துக்குள் நம்மை அமர்த்துகிறது. அமெரிக்க ஆய்வின் எச்சரிக்கை அத்தகைய படத்துக்கே பொருந்தும்.

மலாய் அண்டைவீட்டாரின் பேயும் நம் பிள்ளைகளுக்கு அறிமுகமானதே. மகப்பேற்றில் இறந்தவள் பொந்தியானாக் ஆகிறாள்; அவள் பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய, அடங்கிய மனைவியாகிவிடுவாள்; ஆணியைப் பிடுங்கினால் மீண்டும் பேய். இல்லறத்தைப் பற்றி இதைவிடக் கசப்பான உருவகத்தை எந்த எழுத்தாளரும் புனைந்ததாக நாம் அறியோம். அப்பெயரில் 1957இல் வந்த படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ்; நாயகி மரியா மெனாடோ. 2004இல் பொந்தியானாக்கை மீண்டும் திரைக்குக் கொணர்ந்தவர் சுஹைமி பாபா என்னும் பெண் இயக்குநர்.

தணிக்கை இவற்றை எப்படிப் பிரித்தது? 1952ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2002இல் புதிய திரைப்படத் தணிக்கைச் சட்டம் வந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் வழங்கிய வகைப்பாட்டில் 18எஸ்ஜி என்று ஒரு குறி இருந்தது: செராம், கானாஸ். அச்சமூட்டுவதும் கொடூரமானதும் ஒரே பெட்டியில். பாலியல் காட்சிக்கு வேறு பெட்டி. மனைவியை அடிப்பதை அன்பென்று காட்டும் படத்துக்குப் பெட்டியே இல்லை. அது எல்லாரும் பார்க்கலாம் என்னும் குறியோடு வெளிவரத் தடையில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பாயின. மக்கள் சிரம்பான், நீலாய்ப் புறநகர்களுக்கும் அடுக்ககங்களுக்கும் பெயர்ந்தனர். அப்பெயர்வுக்குப் பின்னான வாழ்வையும், திரை நாயகர்களைப் பார்த்து நடிக்கும் ஒரு சிறுவனையும் சஞ்சய் குமார் பெருமாள் 'ஜகாட்' (2015) படத்தில் காட்டினார். அதில் சினிமா காரணமாக அன்று, சிறுவனுக்குக் கிடைத்த ஒரே மேடையாக வருகிறது. இந்நுட்பம் நம் கூட்டங்களில் அரிது.

குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி 1996 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. "சண்டை" போய் "வன்முறை" வந்தது, ஏட்டளவில். காவல் நிலையத்தில் புகார் மலாயில் எழுதப்படும். "சண்டை" என்று அவள் சொன்னால் உதவிக்குச் சென்றவர் அதை "பெர்காடுஹ்" என்று பெயர்ப்பார். அம்மலாய்ச் சொல்லும் சண்டையைப்போலவே இருவரையும் எழுவாயாக்கும். "அடித்தார்" என்று அவளைச் சொல்லவைத்து, "மெமுக்குல்" என்று எழுதினால், வாக்கியத்தில் அடித்தவன் எழுவாயாகவும் அவள் செயப்படுபொருளாகவும் நிற்பார்கள். பாதுகாப்பு ஆணை கோரும் பெண்ணின் தாளில் முதல் வரி எப்படி அமைகிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு, அவளோடு துணைக்குச் செல்லும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கே பலமுறை கிடைக்கிறது.