சோலார் பேனல் சண்டையும் நம் வரிப்பணமும்

தோழர்களே, இட ஒதுக்கீடு பற்றி வாய் திறந்தால் உடனே நமக்கு ஒரு பாடம் நடத்துவார்கள்: சந்தையில் அரசு தலையிடக் கூடாது, திறமையுள்ளவன் வெல்வான். அந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சோலார் பேனலின் வரலாற்றைப் புரட்டுவோம்.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சிலிக்கான் சோலார் செல் பிறந்தது. அதற்கு முதலில் வாழ்வு கொடுத்தது செயற்கைக்கோள் திட்டங்கள்தான், அதாவது அரசுப் பணம். 2000இல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: சோலார் மின்சாரம் தருபவருக்கு 20 ஆண்டுகள் நிர்ணயித்த விலை. கூடுதல் செலவு மின்கட்டணத்தில் ஏறியது. அந்தச் சட்டம் உண்டாக்கிய சந்தையைச் சீனா பிடித்தது. உள்ளூர் அரசுகள் நிலமும் சலுகையும் தந்தன, அரசு வங்கிகள் கடனை அள்ளிக் கொடுத்தன. விலை சரிந்தது. 2011இல் அமெரிக்காவில் 53.5 கோடி டாலர் அரசு உத்தரவாதக் கடன் பெற்றிருந்த சோலிண்ட்ரா திவாலானது. 2012இல் ஜெர்மனியின் கியூ-செல்ஸ். 2013இல் சீனத்தின் சன்டெக்கும் தப்பவில்லை. அமெரிக்கா 2012இல் சீன செல்களுக்கு வரி போட்டது. திறமைப் போட்டியாம்!

நமக்கு நெருக்கமான கதை இனிமேல்தான். 2010இல் தொடங்கிய தேசிய சோலார் திட்டத்தில், உள்நாட்டில் செய்த பேனல்களையே வாங்க வேண்டும் என்று இந்தியா நிபந்தனை வைத்தது. மெல்லிய படலப் பேனல்களுக்கு மட்டும் விலக்கு. அந்த ஓட்டை வழியாக அமெரிக்க நிறுவனமான ஃபர்ஸ்ட் சோலாரின் சரக்கு உள்ளே வந்தது, அமெரிக்க அரசின் ஏற்றுமதி வங்கிக் கடனோடு. அது போதாதென்று 2013இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2016இல் இந்தியா தோற்றது. அதே ஆண்டு, அமெரிக்க மாநிலங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன என்று இந்தியா திருப்பி வழக்குப் போட்டது. 2019இல் தீர்ப்பு இந்தியாவுக்குச் சாதகம். அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. அவ்வாண்டு இறுதியில் மேல்முறையீட்டு அமர்வே செயலற்றுப் போனது. புதிய உறுப்பினர்களை நியமிக்க விடாமல் தடுத்ததும் அமெரிக்காதான்.

பிறகு இந்தியாவும் வழி மாற்றியது. 2022 ஏப்ரல் முதல் இறக்குமதி பேனலுக்கு 40 சதவீதச் சுங்க வரி. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை இரண்டு கட்டமாக 24,000 கோடி ரூபாய். அதில் பங்கு பெற்றவர்களில் ஃபர்ஸ்ட் சோலாரும் ஒன்று. நம் காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் 2024இல் அதன் ஆலை திறக்கப்பட்டது. அதற்கு அமெரிக்க அரசு நிதி நிறுவனத்தின் கடன் 50 கோடி டாலர். இரண்டு அரசுகள் சேர்ந்து தாங்கும் தொழிலுக்குப் பெயர் தனியார் தொழில்!

யார் உழைக்கிறார்கள் என்ற கேள்வி இந்தச் சண்டையில் எழாமல் இல்லை. சின்ஜியாங்கில் உய்குர் மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதாகச் சொல்லி, 2022 முதல் அங்கிருந்து வரும் பொருட்களை அமெரிக்கா தடுக்கிறது. அந்த மக்களின் துயரம் உண்மை. ஆனால் அது வாஷிங்டனின் காதில் விழுந்த காலம், சீனப் பேனல்கள் உலகச் சந்தையை நிரப்பிய பிறகு.

இங்கே ஊக்கத்தொகைக்கு நிபந்தனை இல்லாமல் இல்லை. பேனல் எவ்வளவு திறனோடு மின்சாரம் தர வேண்டும், உள்நாட்டு மதிப்பு எத்தனை சதவீதம் என்றெல்லாம் கேட்கிறார்கள். தீப்பெட்டி வாங்கும்போதுகூட நாம் கட்டும் வரியும் சேர்ந்ததுதான் அந்த 24,000 கோடி. அதை வாங்கும் ஆலையில் எத்தனை தலித், பழங்குடித் தொழிலாளர்கள், எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம்? தனியார் துறையில் இட ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கும் நடுவண் சட்டம் இன்றுவரை இல்லை.