வேலியும் படலையும்

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றின் பழைய தோற்றத்தை விவரிக்குமாறு முதியவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டிலிருந்து தொடங்கமாட்டார், கோயிலிலிருந்தும் தொடங்கமாட்டார். வேலியிலிருந்தே தொடங்குவார். ஆளுயரத்துக்கு மேலாக எழுந்து, ஒழுங்கையின் இருமருங்கிலும் இடையறாது நீண்டு, வளைவுதோறும் தானும் வளைந்து செல்லும் கிடுகு வேலி அது. நடந்து செல்பவர் கண்ணுக்கு மேலே வானமும், கீழே மணலும், இருபுறமும் ஓலையுமே புலப்படும். வீடுகள் உள்ளே மறைந்திருக்கும். அடுப்புப் புகையும், துலாவின் கிறீச்சொலியும், உலக்கையின் ஓசையுமே அங்கு மனிதர் வாழ்கின்றனர் என்பதை அறிவிக்கும். இக்காட்சி இன்று குடாநாட்டின் பெரும்பகுதியில் இல்லை. அது எவ்வாறு நிலைபெற்றிருந்தது, எதனால் மறைந்தது என்பவற்றையே இன்றைய பேச்சில் எடுத்துக்கொள்கிறேன்.

வரலாறு எழுதுவோர் கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் பக்கங்களை ஒதுக்குவர். யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயர் நாற்கோணமாகக் கட்டியதையும், 1658-இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பின்னர் ஐங்கோணமாக மாற்றி அமைத்ததையும், 1795-இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியதையும் பள்ளிச் சிறுவரும் அறிவர். வேலிக்கு அத்தகைய ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லை. ஓலை ஓராண்டு தாங்கும், மிஞ்சினால் ஈராண்டு. ஆதலால் நூறாண்டு பழைமையுள்ள வேலி என்று ஒன்று என்றுமே இருந்ததில்லை. ஆண்டுதோறும் பிரித்து ஆண்டுதோறும் அடைக்கப்பட்டு வந்த வேலியே இருந்தது. கல்லிலே கட்டியது கட்டியவன் மறைந்த பின்னும் நிற்கும். ஓலையிலே கட்டியதோ அடுத்த ஆண்டும் ஒருவன் வந்து கை வைத்தால்தான் நிற்கும்.

அந்தக் கைவேலையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலிய மரங்களின் தடிகளை வெட்டி எல்லையில் வரிசையாக நடுவர். அவை வேர்விட்டுத் தழைக்கும். இவற்றுக்குக் கதியால் என்று பெயர். கதியால்களுக்குக் குறுக்கே வரிச்சுக் கட்டி, அதன்மேல் கிடுகையோ பனையோலையையோ வைத்து வரிந்து கட்டுவர். கிடுகு என்பது தென்னோலையை நீரில் ஊறவிட்டுப் பின்னிய தட்டி. பின்னுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. மாரி கழிந்து ஓலை வெட்டும் காலம் வந்ததும் ஊர் முழுவதும் வேலியடைப்பு நடக்கும். கதியாலில் தறித்த குழை ஆட்டுக்குத் தீனியாகும். பிரித்தெடுத்த பழைய ஓலை தோட்டத்து மண்ணுக்குள் பசளையாகப் போகும். மேல்மண் குறைந்த சுண்ணக்கற் பூமியிலே புகையிலை செழித்ததில் அந்த உக்கிய ஓலைக்கும் ஒரு பங்கு உண்டு.

வேலியடைப்பு ஒருவர் தனியே செய்யத்தக்க வேலை அன்று. ஒருவர் உட்புறம் நின்று குத்தூசியைச் செலுத்தினால், மற்றொருவர் வெளிப்புறம் நின்று கயிற்றை வாங்கித் திருப்பி விடவேண்டும். இரு வளவுகளுக்கும் பொதுவான வேலியாயின், இரு வீட்டாரும் அதன் இருபுறமும் நிற்க நேரும். பேச்சுவார்த்தை இல்லாத அயலவரும் அன்றைக்கு ஒரே கயிற்றைப் பிடித்தனர். கதியாலைப் புதிதாக நடும்போது ஒரு சாண் அப்பால் நட்டுவிட்டு, அதன் பொருட்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியவர்களும் உண்டு. வேலிச் சண்டை இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆயினும் சண்டையிடுவதற்கேனும் அயலவர் ஒருவர் தேவைப்பட்டார். 1707-இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையும் அயலவரை மறக்கவில்லை. காணியை விற்க எண்ணுபவர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் மட்டுமன்றி, அக்காணியை ஈடாகப் பெற்றிருந்த அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதி.

வேலியில் பொட்டு என்று ஒன்று உண்டு. இரு வீட்டுக்கும் இடையே ஓலையை விலக்கி அமைத்த சிறு வழி அது. நெருப்புத் தணலும், கறிவேப்பிலையும், குழந்தைக்குக் காய்ச்சல் என்ற செய்தியும் அவ்வழியே போய் வந்தன. தெருவுக்கு வருவது அருமையாயிருந்த அக்காலப் பெண்களுக்கு ஊரின் ஒரு பாதி அந்தப் பொட்டுகளால் இணைக்கப்பட்டிருந்தது. மதிலில் அவ்வாறு பொட்டு வைக்க முடியாது.

தெருப்பக்கம் வேலி முடியும் இடத்தில் படலை இருக்கும். வசதியுள்ள வீடுகளிலே அது சங்கடப் படலை. படலைக்கு மேலே ஓலையால் ஒரு சிறு கூரை. இருபுறமும் அமர்வதற்குத் திண்ணை. அருகே தண்ணீர்ப் பானை. வெயிலிலும் மழையிலும் வழிநடந்து வருபவரின் சங்கடத்தைத் தீர்ப்பதால் அப்பெயர் பெற்றது என்பர். படலைக்கு வெளியிலும் தெருவுக்கென்று தளபாடங்கள் இருந்தன. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து ஆறுவதற்குச் சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது வழக்கம். அருகே மாடுகள் உடலை உரைஞ்சிக் கொள்வதற்கு ஆவுரோஞ்சிக் கல். அவை நீர் குடிக்கத் தொட்டி. மனிதர் இறங்கிக் கால் நனைக்கக் கேணி. இவற்றோடு ஒரு மடமும் இருந்துவிட்டால் வழிப்போக்கனுக்கு வேறு என்ன வேண்டும்?

இனிப் படலையைத் திறந்து உள்ளே செல்வோம். பழைய யாழ்ப்பாண வளவில் வீடு என்பது ஒரே கட்டடமாக இருக்கவில்லை. அறைவீடு ஒன்று, விருந்தினரை இருத்தும் தலைவாசல் ஒன்று, அடுக்களை ஒன்று என மூன்றும் தனித்தனியே முற்றத்தைச் சூழ்ந்து நின்றன. வசதி பெருகியபோது நாற்புறமும் கூரையால் இணைந்து, நடுவே வானம் பார்த்த முற்றத்தோடு நாற்சார் வீடு எழுந்தது. மழை பெய்தால் பீலி வழியே நீர் முற்றத்தில் இறங்கும். கிடாரத்தை வைத்து ஏந்துவார்கள். அந்நியர் வந்ததும் வீட்டின் உறுப்புகளும் பொருள்களும் புதுப்பெயர் பெற்றன. விறாந்தை, யன்னல், குசினி, மேசை, கதிரை, அலுமாரி, சாவி ஆகியன போர்த்துக்கேயர் வழி வந்த சொற்கள். கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. முற்றம், திண்ணை, அடுக்களை, கிணற்றடி ஆகியன தம் பெயரை இழக்கவில்லை. ஒரு வீட்டின் முன்புறத்திலிருந்து பின்புறம்வரை நடந்தால் நானூறு ஆண்டு ஆட்சி மாற்றத்தை வாயாலேயே சொல்லிவிடலாம்.

இங்கே ஒன்றைக் கூறாதுவிடின் நியாயம் ஆகாது. தேக்கந் தூண்களும் சித்திர வேலைப்பாடுள்ள கதவுகளும் அமைந்த நாற்சார் வீட்டை நாம் இன்று ஏக்கத்தோடு நினைக்கிறோம். அவற்றுள் பலவற்றைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் சென்றோர் அனுப்பிய பணமும், ஓய்வு பெற்று வந்து பெற்ற ஓய்வூதியமுமே அவை. பர்மாவோடு வாணிகம் செய்த வல்வெட்டித்துறைக் கப்பல்களையும் இதனோடு சேர்த்து நினைக்கவேண்டும். ஓலை வேய்ந்த தலைவாசலுக்கு முன்னால் கள்ளிக்கோட்டை ஓட்டு வீடு எழுந்தபோது, பழைமை போயிற்றே என்று அன்றைய முதியவர் சிலரேனும் பெருமூச்சு விட்டிருக்கமாட்டார்களா? ஆகவே, கடல் கடந்த பணத்தால் ஊரின் தோற்றம் மாறியது என்பது 1970-களில் மத்திய கிழக்கிலிருந்தும் பின்னர் ஐரோப்பாவிலிருந்தும் பணம் வந்தபோது முதன்முதலாக நிகழ்ந்தது அன்று.

மாறியது பணத்தின் வழி மட்டுமன்று, பொருளும் மாறியது. 1950-இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் அடியிலே கிடந்த சுண்ணக்கல்லே அதற்கும் மூலப்பொருள். முன்பு சூளையில் நீற்றப்பட்டுச் சுவருக்குப் பூச்சானது எதுவோ அதே கல் இப்பொழுது மூட்டைகளில் வந்தது. சீமெந்து மதில் எழுந்த வீட்டில் வேலியடைப்புக்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை. ஒருமுறை செலவு, பின்னர் கவலையில்லை. இதே காலத்தில் தோட்டங்களில் இறைப்பு இயந்திரம் பரவியது. ஒருவர் துலாவின் மேல் நடந்து மிதிக்க, மற்றவர் கீழே நின்று பட்டையைக் கவிழ்க்கும் இறைப்புக் காட்சி அருகியது. உடல் வருந்த உழைத்தவரைக் கேட்டால் அது அழகிய காட்சி என்று சொல்லமாட்டார். துலா மிதித்தவரின் பிள்ளை இயந்திரம் வாங்கியதைக் குறை கூற எனக்கு மனம் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. வேலியை அடைத்தவர், கூரையை வேய்ந்தவர், சுண்ணாம்பு நீற்றியவர், கிணறு தோண்டியவர் ஆகியோருள் பலர் தாம் தோண்டிய கிணற்றிலே நீர் அள்ள உரிமை இல்லாதவராயிருந்தனர். சங்கடப் படலையின் தண்ணீர்ப் பானையும் எல்லார் கைக்கும் ஒருபடித்தாய் எட்டவில்லை. கோயில் வாசலும் தேநீர்க் கடை வாங்கும் அவ்வாறே. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957-இல் நிறைவேறியது. ஆயினும் 1968-இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் நுழைவுரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. பழைய ஒழுங்கையின் அழகைப் பேசும்போது, அந்த ஒழுங்கையில் தோளிலிருந்த துணியை இறக்கிக்கொண்டு நடந்தவனின் நினைவையும் நாம் கேட்டறிய வேண்டும். அவனுடைய பேரன் சீமெந்துக் கல்லால் ஒரு மதில் எழுப்பி அதற்கு இரும்புக் கேற்றும் போட்டிருப்பானாயின், அந்த மதில் எனக்கு அழகற்றதாகத் தோன்றவில்லை.

பின்னர் போர் வந்தது. 1990-இல் கோட்டை முற்றுகையில், 1706-இல் ஒல்லாந்தர் எழுப்பிய சிலுவை வடிவத் தேவாலயம் கற்குவியலாயிற்று. அதே ஆண்டில் சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றது. வடக்கிற்குச் சீமெந்து கொண்டுவருவதற்கும் தடை வந்தது. பனைகள் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுவதுமாக இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டிலேதான் பெருந்தொகையினர் மீண்டனர். ஓட்டு வீடு குண்டுக்குத் தப்பினால் ஓராண்டு ஆளின்றி நிற்கும். வேலி நிற்காது. அடைப்பார் இல்லாத ஒரு மாரியும் ஒரு கோடையும் அதற்குப் போதும். வலிகாமம் வடக்கிலோ 1990-இல் வெளியேறியவர்களுள் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017-இல் திறந்துவிடப்பட்டது. அவ்வாறு திரும்பியோர் தம் வளவைத் தேடியபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. புதருக்குள்ளே கிடந்த கிணற்றைக் கொண்டே எத்தனையோ பேர் தம் காணியை அடையாளம் கண்டனர். ஒரு சாணுக்கு வழக்காடிய எல்லை எங்கே ஓடிற்று என்பதைச் சொல்ல ஒரு கதியாலும் மிஞ்சவில்லை.

பெருங் கட்டடங்களுக்கு மறுபிறவி கிடைக்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல், ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. இன்று அது முன்னைய தோற்றத்திலேயே வெண்ணிறமாக எழுந்து நிற்கின்றது. எரிந்த ஏடுகள் மீளவில்லையாயினும் கட்டடத்தின் முகத்தையேனும் நம்மால் மீட்க முடிந்தது. கோட்டை மதிலும் செப்பனிடப்பட்டு வருகின்றது. இவற்றுக்கு வரைபடம் உண்டு, ஒளிப்படம் உண்டு, பொறியியலாளர் உண்டு. கிடுகு வேலிக்கு வரைபடம் ஏது? விருந்தினர் விடுதிகளின் முகப்பிலே இப்பொழுது அழகுக்காகக் கிடுகு கட்டுகின்றனர். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் மறுபுறம் நின்று கயிற்றை வாங்கித் தருவதற்கு அயலவர் எவரும் இல்லை. கூலிக்கு வந்தவரே இருபுறமும் கட்டுகிறார்.

தெருத் தளபாடங்களுள் தப்பியவை சில. சுமைதாங்கிகளில் எஞ்சியவை வீதி அகலிக்கும்போது ஒவ்வொன்றாகப் போகின்றன. தலைச்சுமைக்காரர் இல்லாததால் அவற்றைத் தேடுவாரும் இல்லை. பருத்தித்துறையிலே தெருமூடி மடம் மட்டும் இன்னும் தன் தொழிலைச் செய்கின்றது. அதன் அமைப்பு விந்தையானது. மடம் தெருவோரத்தில் நிற்கவில்லை. தெருவுக்கு மேலேயே நிற்கின்றது. இருபுறமும் சுண்ணக்கல்லால் ஆன உயர்ந்த திண்ணைகள்; அவற்றிலே தூண்கள்; தூண்களின் மேல் தெருவை மூடிய கூரை. துறைமுகத்துக்கும் சந்தைக்கும் கால்நடையாய் வந்தவர்கள் ஒதுங்கி இளைப்பாறுவதற்கென்று யாரோ கட்டுவித்தது. பட்டணங்களிலே வீதியை அகலிக்க வீடுகளையே இடித்துத் தள்ளும் இக்காலத்திலும் அம்மடத்தை எவரும் இடிக்கவில்லை. வீதி அந்த இடத்தில் ஒடுங்கி, தூண்களுக்கு நடுவே நுழைந்து, நிழலுக்குள் சில அடி தூரம் சென்று, மறுபுறம் வெயிலில் வெளிவருகின்றது.