கிளம்பாத காரும் பத்மினி டாக்ஸியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாவது மாடிப் பையன் கதவைத் தட்டினான். "அங்கிள், கார் ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது." கீழே போய்ப் பார்த்தால், பட்டனை அமுக்கியதும் 'சாவி இல்லை' என்கிறது திரை. சாவியோ அவன் கையில். உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சாவியை பட்டனோடு ஒட்டிவைத்து அமுக்கச் சொன்னேன். கிளம்பிவிட்டது. (பல கார்களில் இந்த வழி உண்டு. மேனுவலில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.) பி.காம். படித்த எனக்கு செம்பூரில் மெக்கானிக் பட்டம் :-)

எனக்கு இதெல்லாம் தெரிந்தது பத்மினி டாக்ஸிகளால்தான். பம்பாய்க்கு மோட்டார் டாக்ஸி வந்தது 1911-ல். சாவியால் கார் கிளப்பும் வசதி அப்போது கிடையாது. முன்னால் கம்பியைச் சொருகிச் சுற்ற வேண்டும்; எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போச்சு. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் செய்த மின்சார செல்ஃப் மோட்டார், 1912 மாடல் காடிலாக் காரில் வந்தது. பேட்டரி, காயில், பாயின்ட் என்ற இக்னிஷன் முறையும் அதே மனிதர் உருவாக்கியதுதான்.

அந்த முறை நம் பத்மினி வரைக்கும் பெரிய மாற்றமில்லாமல் வந்தது. வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், குர்லாவில் தயாரித்த வண்டி அது. 1964-ல் ஃபியட் 1100 டிலைட், 1972-ல் பிரீமியர் பிரெசிடென்ட், 1974-ல் பிரீமியர் பத்மினி. பேர் மூன்று, எஞ்சின் அதே 1089 சி.சி.

சரி, அந்தக் காலத்துக் கார் கிளம்பாவிட்டால் என்ன பார்ப்பார்கள்? ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது நாம் செய்வதுதான். எல்லா வவுச்சரையும் புரட்டாமல், தப்பு எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துக்கொள்வது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா, 'டக் டக்' என்று மட்டும் வருகிறதா? பேட்டரி பக்கம். ஹெட்லைட் போட்டுப் பார், மங்கினால் சார்ஜ் இல்லை. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றி வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய். விளக்கு பிரகாசமாக எரிந்தும் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரையோ அதன் சோலனாய்டையோ சந்தேகப்படு.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் இரண்டே கேள்விகள். பெட்ரோல் வருகிறதா, நெருப்புப் பொறி வருகிறதா? பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் சோக்கை அதிகம் இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுக்க அமுக்கிப் பிடித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். மே மாத வெயிலில் பெட்ரோல் பம்ப்பில் ஆவி அடைத்துக்கொள்ளும். ஈரத் துணி போட்டுக் காத்திருப்பார்கள். மழைக்காலத்தில் நேர் எதிர், துணி காய்ந்திருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினால் காயில் அனுப்பும் ஆயிரக்கணக்கான வோல்ட், பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியாகக் கசிந்துவிடும். அதனால் ஜூன் பிறந்தால் கிங்ஸ் சர்க்கிள் தண்ணீரில் பானெட்டைத் திறந்துவைத்து, மூடியைக் கழற்றி வேட்டித் துணியால் துடைக்கும் டாக்ஸிக்காரர்களைப் பார்க்கலாம். பாயின்ட்டை உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. அதற்கும் மசியாவிட்டால், இரண்டாவது கியர் போட்டு 'தக்கா'. தள்ளுவதற்கு ஆள் கேட்டு மும்பையில் யாரும் ஏமாந்ததில்லை.

இந்தப் பாடத்தை நான் அரைகுறையாகக் கற்றேன். அதன் விலை 2005-ல் தெரிந்தது. ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை; கொலாபாவில் வெறும் 73. காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு. ஊரிலிருந்து அப்பா கண் ஆபரேஷனுக்காக வந்திருந்தார். அவரை அழைத்துப் போக வேண்டுமே என்று கடன் வாங்கி ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். அது பில்டிங் வாசலில் சீட் வரை மூழ்கி நின்றது. தண்ணீர் வடிந்ததும் மூடியைத் துடைத்தேன், வயர்களைத் துடைத்தேன், பேட்டரியை மாற்றினேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி சாவியைத் திருப்பினேன். 'டங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்த அண்ணாச்சி ஒருவர் வந்து பார்த்தார். திருநெல்வேலிக்காரர், பல வருஷம் பத்மினி ஓட்டியவர். நாலு பிளக்கையும் கழற்றினார். ஒன்றின் ஓட்டை வழியே தண்ணீர் எட்டிப் பார்த்தது. "ஏன் தம்பி, மூழ்குன வண்டியில சாவி போடலாமா? பிளக்க கழத்தி தண்ணிய வெளிய தள்ளிட்டுல்லா திருப்பணும்?" காற்றும் பெட்ரோலும் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே வந்த பிஸ்டன் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. ஆயில் கூட பால் போட்ட டீ நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்திருந்தாலே புரிந்திருக்கும். எஞ்சின் வேலைக்கான பில்லில் ஆபரேஷன் பணம் கரைந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் வரைக்கும் ஒரு கண்ணோடு பேப்பர் படித்தார்.

பத்மினி உற்பத்தி அதற்கு முன்பே நின்றிருந்தது. புகை விதிகள் இறுகியதும் புதிய கார்களில் கார்புரேட்டர், சோக், பாயின்ட் எல்லாம் போய் சென்ஸாரும் கம்ப்யூட்டரும் வந்தன. ஈரத் தொல்லை குறைந்தது, உண்மை. ஆனால் மூழ்கிய காரில் சாவியைத் திருப்பக்கூடாது என்பது இன்றைய பட்டன் கார்களுக்கும் அப்படியே பொருந்தும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் தொடாதீர்கள், வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். ஓடும்போது தண்ணீரில் நின்றுபோனால், இன்னொரு தடவை முயற்சி செய்யவே வேண்டாம்.

மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபர் 29. டாக்ஸிக்கு 20 வருஷம்தான் ஆயுள் என்பதால், 2023 அக்டோபர் 30 முதல் அது டாக்ஸியாக ஓட முடியாமல் போனது. ஊரோடு போய்விட்ட அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மழ முடிஞ்ச பொறவுதான நிறுத்துனாங்க? பரவால்ல" என்றார்.