கோட்டாவிலிருந்து தகுதிக்கு: 153-வது விதியும் 2002-ஆம் ஆண்டு மாற்றமும்

ஆசிரியர்களே, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்களே, வரலாற்றுப் பாடத்தில் '153-வது விதி' என்று மனனம் செய்கிறோம். ஆனா அது என்ன சொல்லுது, என்ன சொல்லலைன்னு பிரிச்சுப் பார்த்தவர்கள் குறைவு. இப்போ பாருங்க.

தொடக்கம்

பிரிட்டிஷ் காலத்தில் மலாயா நிர்வாகச் சேவையின் உயர்பதவிகளில் பிரிட்டிஷ்காரர்களும் மலாய்க்காரர்களும் மட்டுமே இருந்தார்கள். 1953-இல்தான் மற்ற இனத்தவருக்குக் கதவு திறந்தது. அதுவும் 4 மலாய்க்காரருக்கு 1 மற்றவர் என்ற விகிதத்தில். ஆக, கோட்டா 1957-இல் புதிதாகப் பிறந்ததல்ல.

அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம், இந்தச் சலுகைகளை 15 ஆண்டுகளுக்குப் பிறகு மறுஆய்வு செய்யப் பரிந்துரைத்தது. இறுதி வடிவத்தில் அந்தக் காலவரம்பு இடம்பெறவில்லை.

சட்டம் சொல்வது

153-வது விதி அரசாங்கப் பதவிகள், உபகாரச் சம்பளம், கல்வி, வாணிப உரிமங்கள் ஆகியவற்றில் மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் நியாயமான விழுக்காட்டை ஒதுக்க வகை செய்கிறது. மற்ற இனத்தவரின் நியாயமான நலன்களைக் காக்கும் பொறுப்பையும் அதே விதி பேரரசரிடம் தருகிறது. தேர்வு விடையில் பலரும் விட்டுவிடும் பகுதி இது!

136-வது விதியையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே தரத்தில் பணிபுரியும் அரசு ஊழியர்களை, எந்த இனத்தவராக இருந்தாலும், பாரபட்சமின்றி நடத்த வேண்டும் என்கிறது அது. அப்படின்னா கோட்டா வாசலில்தான். உள்ளே போன பிறகு எல்லாருக்கும் ஒரே நியாயம்.

1971

1969 மே 13 கலவரத்துக்குப் பின் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதன் நோக்கங்கள் இரண்டு: இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது, இனத்தை வைத்துத் தொழிலை அடையாளம் காணும் நிலையை மாற்றுவது. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் பயிரிட்ட மலாக்காவில், 'தமிழர்னா தோட்டம்' என்ற நிலை நமக்குத் தெரிந்ததுதான். இரண்டாவது நோக்கம் நமக்கும் பொருந்தும். அதே 1971-இல் 153 (8A) சேர்க்கப்பட்டு, உயர்கல்வி இடங்களிலும் ஒதுக்கீடு செய்ய வழி பிறந்தது.

2002: தகுதி வந்தது

அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் இருந்த 55:45 கோட்டா 2002-இல் நீக்கப்பட்டது. இனி தகுதியே அளவுகோல் என்றார்கள். நல்லதுதானே? ஆனா அளவுகோல் ஒன்றாக இல்லை. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு எஸ்.டி.பி.எம்.; இன்னொரு பக்கம் ஓராண்டு மெட்ரிகுலேஷன். இரண்டு வெவ்வேறு தேர்வுகளின் புள்ளிகளை ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். மெட்ரிகுலேஷன் இடங்களிலோ 90:10 கோட்டா இருந்தது. 2019-இல் இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆனபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024-இல்தான், எஸ்.பி.எம்.மில் 10ஏ எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் என்று அரசாங்கம் அறிவித்தது.

கிளேபாங்கிலிருந்து சுங்கை ஊடாங் வழியாக மஸ்ஜித் தானா போனால் லோண்டாங்கில் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி. தூரம் அதிகமில்லை. 8ஏ, 9ஏ எடுத்த நம்ம பிள்ளைக்கு அந்த வாசல் இன்னும் தூரம்தான்.

உலகத்தில்

அமெரிக்காவில் 2023-இல் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப், 1965-இன் ஜான்சன் ஆணையை ரத்து செய்து, வேலைவாய்ப்பிலும் 'தகுதி மட்டும்' என்றார். இரண்டையும் ஒப்பிடும்போது கவனம் தேவை: அங்கே சலுகை சிறுபான்மையினருக்கு, இங்கே பெரும்பான்மையினருக்கு. ஆகவே 'தகுதி' என்ற ஒரே சொல்லை அங்கே எழுப்புபவர் வேறு, இங்கே எழுப்புபவர் வேறு.

விடை எழுதும்போது 'கோட்டா சரியா, தகுதி சரியா' என்பதோடு நிறுத்தாதீர்கள். தகுதியை எந்தத் தேர்வால் அளந்தார்கள், அந்தத் தேர்வு எல்லாருக்கும் திறந்திருந்ததா என்றும் கேளுங்கள்.

வகுப்பில் கலந்துரையாட

1. 136, 153-வது விதிகள் ஒன்றையொன்று எப்படிச் சமன் செய்கின்றன?
2. 2002 மாற்றத்தை முழுமையான தகுதி முறை எனலாமா? இரண்டு காரணங்கள் தருக.
3. ரீட் ஆணையத்தின் 15 ஆண்டு மறுஆய்வு இடம்பெற்றிருந்தால், 1972-இல் எவற்றை ஆராய்ந்திருக்க வேண்டும்?