பாத்ரூமில் கியாஸ் கீசரா? புகை போக வழி இருக்கா, பாருங்க!

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்கு கியாஸ் கீசர் மாட்டுகிறவர்கள் உண்டு. கரண்டு போனாலும் சுடுதண்ணி வரும். ஆனால் மூடிய பாத்ரூமுக்குள் மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

சின்ன அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய கியாஸ் சரியாக எரியாது. கார்பன் மோனாக்சைடு கிளம்பும். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், அதற்காகவே வாசனை கலந்து விடுகிறார்கள். இந்த விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் ஆள் சாய்ந்துவிடலாம்.

'எக்சாஸ்ட் பேன் ஓடுதே' என்று இருந்துவிடாதீங்க. கதவு, ஜன்னல் மூடியிருந்தால் அந்த பேனே புகையை உள்ளே திருப்பி இழுக்கும்.

கீசரை காற்றோட்டமான பால்கனியிலோ வெளிச்சுவரிலோ மாட்டி, தண்ணீர் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதே நல்லது. புகைக்குழாய் உள்ள மாடல் என்றால் குழாய் வெட்டவெளியில் முடிய வேண்டும், பக்கத்து வீட்டு ஜன்னலடியில் அல்ல. நீலத் தீ மஞ்சளாக எரிந்தால் அணைத்துவிட்டு மெக்கானிக்கை கூப்பிடுங்க.

வீட்டு ஓனர் சுவரில் ஓட்டை போட விடமாட்டேன் என்கிறாரா? கதவைத் திறந்து வைத்து பக்கெட்டில் பிடித்துக்கொண்டு, கீசரை நிறுத்திய பிறகு குளிங்க. யாராவது மயங்கினால் உடனே வெளிக்காற்றுக்கு தூக்கி வந்து 108-க்கு போன் போடுங்க.