‘மறுப்பு’ என்னும் அனுமதி: பம்பாயில் வீட்டு வரைபடத்தின் வரலாறு

மும்பையில் வீடு கட்ட வரைபடம் கொடுத்தவருக்கு மாநகராட்சி வழங்கும் முதல் முக்கிய ஆவணத்தின் பெயர் ‘மறுப்பு அறிவிப்பு’. ‘இன்டிமேஷன் ஆஃப் டிஸ்அப்ரூவல்’ என்பதைச் சுருக்கிக் கட்டடத் தொழிலில் உள்ளோர் அதனை ஐ.ஓ.டி. என்பர். “உங்கள் கட்டடத்தை ஏற்க இயலாது” என்னும் பொருளில் தொடங்கும் அத்தாள் கைக்கு வந்ததும் இனிப்பு வழங்குவோரும் உண்டு. முதன்முறை ஆவணக்கட்டு ஒன்றில் அதனைக் கண்டபோது, தோற்றுப்போன விண்ணப்பம் என்றெண்ணி நான் ஒதுக்கி வைத்தேன். பல வாரங்களுக்குப் பின்னரே அதுதான் அனுமதி என்பது விளங்கிற்று.

இப்பெயரை எழுத்தரின் கிறுக்கு எனத் தள்ளிவிட இயலாது. இதன் வேர் 1888ஆம் ஆண்டின் பம்பாய் நகராட்சிச் சட்டத்தில் இருக்கிறது. அச்சட்டத்தின் 337ஆம் பிரிவு கட்டடம் எழுப்ப விரும்புவோர் ஆணையருக்கு ‘அறிவிப்பு’ கொடுக்க வேண்டும் என்கிறது. விண்ணப்பிக்க வேண்டும் என்று கூறவில்லை. அடுத்த பிரிவின்படி, ஆணையர் வேண்டுமானால் தளந்தோறும் தரைப்படமும் வெட்டுத்தோற்றமும் கேட்டுப் பெறலாம். முப்பது நாள்களுக்குள் அவர் மறுப்புத் தெரிவிக்காவிடில் உரிமையாளர் வேலையைத் தொடங்கலாம் என்பது 345ஆம் பிரிவு. மறுப்பதாயின் காரணங்களைக் கூறி, எந்நிபந்தனைகளை நிறைவேற்றினால் ஒப்புதல் அளித்ததாகக் கொள்ளப்படும் என்பதையும் அவர் எழுத வேண்டும் என்பது 346. இன்றைய ஐ.ஓ.டி. இந்த 346இன் வழித்தோன்றலே.

தன் நிலத்தில் வீடு கட்டுவது உடைமையாளரின் இயல்பான உரிமை. நகராட்சிக்கு இருப்பது தடை சொல்லும் அதிகாரம் மட்டுமே என்ற கருத்து இச்சொல்லமைப்பில் உறைந்திருக்கிறது. நிலம் உடையவர்களும் வரி செலுத்துவோருமே பெரும்பாலும் நகராட்சி மன்றத்தைத் தேர்ந்தெடுத்த காலத்தில் சட்டம் வேறு விதமாக அமைந்திருந்தால்தான் வியக்க வேண்டும். நகராட்சியின் மௌனம் உடைமையாளருக்குச் சாதகமாயிற்று. வாடகைக்கு ஒற்றை அறையில் வாழ்ந்தவர் இந்த உரையாடலில் எங்குமில்லை.

1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தபின் நிலைமை மாறிற்று. வெளிச்சம் புகாத அறைகளே நோயின் உறைவிடம் என அதிகாரிகள் நம்பினர். கூரை ஓடுகளை அகற்றினர். மனிதர் வாழத் தகாதவை என வீட்டுச் சுவர்களில் எழுத்துக்குறி இட்டனர். எலியும் தெள்ளுப்பூச்சியும் நோயைப் பரப்பும் முறை தெளிவாகு முன்னரே, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை சட்டத்தின்வழி நிறுவப்பட்டது. நோய்க்காரணம் பற்றிய பிழையான கொள்கையொன்று வீட்டு வரைபடத்துக்கு நன்மை செய்தது என்பதே என் கணிப்பு. காசநோயைப் பொறுத்தவரை வெளிச்சமும் காற்றும் உண்மையிலேயே முக்கியமானவை.

அறக்கட்டளையின் தலைவர் ஜே. பி. ஓர் வலியுறுத்திய ‘அறுபத்து மூன்றரைப் பாகை விதி’ இங்கே குறிப்பிடத்தக்கது. அறைக்கு எதிரேயுள்ள சுவரின் உச்சியிலிருந்து அறையின் அடிப்பகுதிக்கு இழுக்கும் கோடு, கிடைமட்டத்துடன் 63½ பாகைக்கு மேற்பட்ட கோணம் ஆக்கக்கூடாது. அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு ஏறத்தாழ 2. ஆகவே இரு கட்டடங்களுக்கு இடையே உள்ள வெளியைப் போல் இரு மடங்கு உயரமே எதிர்ச்சுவருக்கு உண்டு. மழைக்காலத்து வானத்தை அண்ணாந்து பார்க்கும் குடியிருப்பாளரின் கண்ணை ஒரு முக்கோணமாக்கிய விதி இது.

இவ்விதியைத் தரைப்படத்தில் சரிபார்க்க இயலாது; வெட்டுத்தோற்றம் வேண்டும். அதிலும் சொந்த வீட்டை மட்டும் வெட்டிக் காட்டினால் போதாது, எதிர்வீட்டின் உயரமும் வேண்டும். எல்லைக்கோட்டோடு நின்றுவிடும் உடைமையின் படமாக இருந்த வரைபடம், அண்டை வீட்டாரோடு கொண்ட உறவின் படமாக மாறத் தொடங்கியது இந்த இடத்தில்தான். விதியால் தளங்களும் வாடகையும் குறையும் என்பதை உடைமையாளர்கள் உடனே உணர்ந்தனர், எதிர்ப்பும் எழுந்தது.

அறக்கட்டளை புதிதாக அமைத்த தாதர்–மாட்டுங்கா பகுதியில் தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியர் பெருமளவில் குடியேறினர். அங்கே எழுந்த அடுக்ககங்களில் கழிப்பறை வீட்டுக்குள் வந்தது. சாலில் தாழ்வாரத்தின் கோடியில் இருந்த ஒன்று, சமையலறைக்குச் சில அடித் தொலைவில் வரையப்பட்டது. தூய்மை, தீட்டு பற்றிய பழைய கணக்குகளை மேல்சாதிக் குடும்பங்கள் ஒரு தரைப்படத்துக்குள் புதிதாகப் போட்டுப் பார்க்க நேர்ந்ததை நிகில் ராவின் ஆய்வு விரிவாகப் பேசுகிறது. மாணவர்கள் அதனை அவசியம் வாசிக்க வேண்டும்.

1966இன் மகாராஷ்டிர வட்டார, நகரத் திட்டமிடல் சட்டம் மொழியையே மாற்றியது. அதன் 44ஆம் பிரிவில் உடைமையாளர் ‘விண்ணப்பிக்கிறார்’. 45இன்கீழ் திட்டமிடல் அமைப்பு அனுமதி ‘அளிக்கிறது’. எனினும் பழைய சட்டம் நீக்கப்படவில்லை. எனவே மும்பையில் ஒரே வீட்டுக்கு 1888இன் மறுப்பும் வேண்டும், 1966இன் தொடக்கச் சான்றிதழும் வேண்டும். உரிமை பற்றிய இரு முரண்பட்ட கொள்கைகள் ஒரே கோப்பில் அடுத்தடுத்த தாள்களாக இருக்கின்றன.

மாட்டுங்காவை ஒட்டி, இருப்புப்பாதைக்கு அப்பால் தாராவி. அங்கும் தமிழரே திரளாக வாழ்கின்றனர். வீடுகளுக்கு வரைபடம் இல்லை. வரைபடம் இல்லாதவருக்கு அரசு தேதியொன்றைக் கொடுத்தது. 1995 ஜனவரி 1க்கு முன்னரே, பின்னர் 2000 ஜனவரி 1க்கு முன்னரே, அங்கு வாழ்ந்ததை வாக்காளர் பட்டியல் போன்ற சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. குடிசைப் பகுதி மறுசீரமைப்பில் வரைபடத்துக்குக் கிடைக்கும் தாளின் பெயர் ‘ஒப்புதல் அறிவிப்பு’. ஆனால் அது கட்டுமான நிறுவனத்தின் கையில் சேர்கிறது. குடியிருப்பவர் ‘அனெக்சர்–2’ என்னும் தகுதிப் பட்டியலில் ஒரு வரிசை எண்ணாக இருக்கிறார்.

மறுசீரமைப்புத் திட்டங்கள் நடைமுறைக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காகத் திறந்தவெளி விதிகள் தளர்த்தப்பட்டன. இடம்பெயர்க்கப்பட்டோருக்காகக் கோவண்டியில் எழுந்த அடுக்ககங்கள் சிலவற்றில், ஏழு மாடிக் கட்டடங்களுக்கு இடையே உள்ள வெளி ஏறத்தாழ 3 மீட்டர். அத்தகைய குடியிருப்புகளில் வெளிச்சக் குறைவுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை 2018இல் வெளிவந்த ஆய்வொன்று சுட்டியது. ஓரின் விதிப்படி 3 மீட்டர் வெளிக்கு எதிரே நிற்கத்தக்க சுவரின் உயரம் 6 மீட்டர்; அதாவது இரண்டு தளங்கள்.